வீட்டுக்கு ஒரு ரவிக்கை

கை நுழையவில்லை. அந்த ரவிக்கை என் நினைவில் எப்போதும் அப்படித்தான் வருகிறது. கிளிப்பச்சை நிறம், முன்பக்கம் வெள்ளைப் பித்தான்கள், முழங்கைக்குச் சற்று மேலே முடிந்துவிடும் கை. அதற்குள் என் கை முழங்கைவரை ஒழுங்காகப் போய், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட நகராமல் நின்றது. தானியக் குதிருக்குப் பக்கத்து இருட்டில் நின்றுகொண்டு, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்துப் பார்த்தேன். புதுத் துணியின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதே தவிர ரவிக்கை ஏறவில்லை. பக்கத்தில் நின்ற என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, அதை என் கையிலிருந்து மெல்ல உருவி எடுத்துத் தன் கையில் மாட்டினாள். கிணற்றில் வாளி இறங்குவது போல் அவள் கை உள்ளே இறங்கியது. பித்தான்களைப் போட்டுக்கொண்டு, தோளை ஒரு குலுக்குக் குலுக்கி, "எப்படி இருக்குது அம்மிணி?" என்று கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பொறாமை இன்னும் என்னை முழுதாக விட்டபாடில்லை.

இந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்கு ஒரே ரவிக்கை என்று சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற வழியில் எங்கள் ஊர். காட்டு வேலை செய்கிற பெண்கள் யாரும் ரவிக்கை போட்டதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டால் முடிந்தது. சேலத்துப் பெண்கள் போட ஆரம்பித்து, கல்யாணம் காட்சிகளில் அவர்கள் எங்களைப் பார்க்கிற பார்வை மாறிய பிறகுதான், நம் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. என் மாமியார் கடைசிவரை அதைத் தொட்டதில்லை. ஆனாலும் ஊர் மெச்ச இருக்க வேண்டும் என்ற ஆசையில் அவருக்குக் குறைச்சல் இல்லை. இரண்டு மருமகள்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு ரவிக்கை தைக்க உத்தரவு கொடுத்தார்.

"ஊட்டுக்கு ஒரு கொடை இருக்குதல்ல? வெளிய போறவுங்க எடுத்துட்டுப் போறாங்க, வந்து மாட்டி வெக்கறாங்க. அதாட்ட இதும் ஒண்ணு இருந்தாப் போதுஞ் சாமி" என்றார்.

குடை யார் பிடித்தாலும் குடைதான். ரவிக்கை அப்படியா? அந்த வீட்டில் இது யாருக்கும் தோன்றவில்லை. பருத்தி வண்டி ஓட்டிக்கொண்டு சேலம் போகிற மச்சாண்டாரிடம், அதாவது என் கணவரின் அண்ணனிடம், அந்த வேலை போனது. அவர் ஒரு கற்றாழை நாரை எடுத்துத் தன் மனைவியின் கையைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனார். தம்பி பெண்டாட்டியின் கையை அவர் அளக்க முடியுமா? முறை இல்லை. எனவே என் கை அந்த நாரில் ஏறவே இல்லை. தையற்காரர் நாரில் இருந்ததைத் தைத்துக் கொடுத்தார். எல்லோரும் அவரவர் முறைப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாததால் நான் என் கையைத் திட்டினேன்.

அன்று முதல் வெளியே போகிற வேலை எல்லாம் என் ஓரகத்திக்கே போய்ச் சேர்ந்தது. திருச்செங்கோட்டில் தேர்த் திருவிழா, எங்கள் பேச்சில் தேர் நோம்பி, அதற்கு அவள் போனாள். சேலத்தில் பேசும் படம் வந்தபோது வண்டியில் ஏறி அதையும் பார்த்துவிட்டு வந்தாள். உறவில் சீர், சடங்கு எதுவென்றாலும் அவள்தான். ரவிக்கை இல்லாமல் நானும் போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒரே வீட்டிலிருந்து வந்த இருவரில் ஒருத்தி பச்சை ரவிக்கையும் மற்றவள் வெறும் தோளுமாகப் போய் நிற்க எனக்கு என்ன தலையெழுத்து? "மாடு கன்னு பாக்க ஆளு வேணுமல்லங்க" என்று நானே சொல்லி வீட்டில் நின்றுகொள்வேன். அவள் நெட்டையாக, கொடி போல் இருப்பாள். கழுத்து நீளம். வண்டியிலிருந்து இறங்கிவரும்போது அந்தக் கழுத்தில் ஊர்ப்புழுதியோடு ஒரு சிரிப்பும் படிந்திருக்கும். எனக்கென்று வாங்கிவந்த பூவையும் பொரிகடலையையும் கையில் கொடுப்பாள். நேரில் அவளை அக்கா என்றும் வாங்க, போங்க என்றும்தான் அழைப்பேன். மனசுக்குள் அவள், இவள்தான். இங்கே எழுதும்போதும் அப்படியே வருகிறது, வரட்டும்.

நான் எப்படி இருந்தேன் என்றும் சொல்ல வேண்டுமே. சேந்தமங்கலத்துப் பக்கம், கொல்லிமலை அடிவாரத்தில் பிறந்தவள். அப்பன் வீட்டில் எருமைப் பாலும் தினைமாவும் தின்று வளர்ந்த உடம்பு. பார்க்கிறவர்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போவார்கள். என் மாமியார் பெண் பார்க்க வந்தபோது முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தார், மாட்டுக்குப் பல் பார்ப்பது போல. "நல்ல ஒடம்பு" என்று அங்கேயே பூ வைத்துவிட்டார். அதனால் என் உடம்பு ஒரு குறை என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உண்மையைச் சொன்னால், உடம்பு என்று ஒன்று தனியாக இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. அது வேலை செய்தது, பசித்தது, தூங்கியது. ரவிக்கை வந்த பிறகுதான் அது துண்டு துண்டாகத் தெரிய ஆரம்பித்தது. இது கை, இது இடுப்பு, இது பிடரிச் சதை. குடத்தில் தண்ணீர் மோந்தால் தண்ணீரில் என் தோள் தெரிந்தது. மாடு குடிக்கும் தொட்டியில்கூட என் தோள்தான் தெரிந்தது.

இதைவிட என்னைக் கொன்றது அவள் சாப்பிடுகிற அழகு. ஆண்கள் உண்டு எழுந்த பிறகு நாங்கள் இருவரும் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து உண்போம். ஆளுக்கு ஒரு வட்டில், அதில் களி உருண்டை, பக்கத்தில் கீரையோ கொள்ளுப் பருப்போ. அவள் மூன்று உருண்டை வைத்துக்கொள்வாள். முதல் உருண்டை போகும், இரண்டாவது போகும், மூன்றாவதைப் பிட்டுப் பிட்டு, தண்ணீரை ஊற்றி ஊற்றி விழுங்குவாள். காலையில் எள்ளுருண்டை வேறு. அம்மா வீட்டிலிருந்து சம்படம் நிறைய வரும். மூடியைத் திறந்தால் தீரும் வரை விடமாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பேன். இவ்வளவும் எங்கேதான் போகிறது? நான் ஒரு உருண்டையை முகர்ந்து பார்த்தாலே இடுப்பில் ஒட்டிக்கொள்கிறது, இவள் ஒரு பானையையே விழுங்குகிறாள், சோளத்தட்டாக நிற்கிறாள். தெய்வத்துக்கு ஒரு நியாயம் வேண்டாமா என்று அடுப்புச் சாம்பலைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்.

அப்படி இருக்கையில் ஐப்பசியில் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் சேலத்தில், மண்டி வைத்து வியாபாரம் செய்கிற குடும்பம். அந்த வீட்டில் கிழவி முதல் குழந்தை வரை எல்லாரும் ரவிக்கைதான் என்று செய்தி வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு இணைச்சீர் என்று ஒரு மரியாதை உண்டு. அவன் தாலி கட்டுவதற்கு முன்னால் அவளைத்தான் பக்கத்தில் உட்காரவைத்துச் சீர் செய்வார்கள். மணப்பெண்ணின் கூறைச் சேலையைக் கூடையில் வைத்து, அதைத் தலையில் சுமந்துகொண்டு அவள் சபை நடுவே வர வேண்டும். ஒரு பெண்ணுக்கு அவள் கல்யாணத்துக்குப் பிறகு ஊரே எழுந்து பார்க்கிற நாள் அதுதான். தம்பிக்கு நான் ஒருத்திதான் அக்காள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கூடையைப் பிடித்துக்கொண்டு, சேலத்துக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் வெறும் தோளோடு நான் நடந்து வர, பந்தலின் ஓரத்தில் என் ஓரகத்தி பச்சை ரவிக்கையில் நிற்பாள். நினைத்தாலே வயிறு எரிந்தது.

"அத்தை, தம்பி கலியாணத்துக்கு நான் ரவிக்கை போடோணுமுங்க" என்று மாமியாரிடம் கேட்டேன்.

"போட்டுக்க சாமி, ஆரு வேண்டாங்கறா? ஊட்டு ரவிக்கைதான்" என்றார் அவர், குடையை எடுத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

இனி கை இளைத்தால்தான் உண்டு. தையில் கல்யாணம். நான் உண்பதை நிறுத்த ஆரம்பித்தேன். முழுக்க நிறுத்தினால் தெரிந்துவிடும். வட்டிலில் ஒரு உருண்டை வைத்துக்கொண்டு, பாதியைக் கழுநீர்த் தாழியில் தள்ளிவிடுவேன். அது எருமைக்குப் போகும். அந்த வருஷம் எருமை நன்றாகத்தான் இருந்தது. கொள்ளு வேகவைத்த தண்ணீர் உடம்பை வற்றடிக்கும் என்று கேள்விப்பட்டு அதை மடக் மடக்கென்று குடித்தேன். மச்சாண்டார் சேலத்திலிருந்து திரும்பி வந்து எறிந்திருந்த கற்றாழை நாரைத் தேடி எடுத்து, முடிச்சு எங்கே நிற்கிறது என்று தினமும் கையைச் சுற்றிப் பார்ப்பேன். களையெடுக்கக் குனிந்தால் கண்ணுக்கு முன் பூச்சி பறக்கும். அடுத்த வீட்டில் வெல்லக் கச்சாயம் சுடுகிற வாசனை வந்தால் அழுகை வரும். கச்சாயத்துக்காகவா அழுதேன், எதற்காக அழுதேன் என்று எனக்கே தெரியாது. "மொகம் ஏன் புள்ளே இப்படி வாடிக் கெடக்குது?" என்று என் கணவர் ஒருநாள் கேட்டார். வெயில் என்றேன். மழைக்காலத்தில் வெயில் என்கிறாளே என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை.

விசித்திரம் என்னவென்றால், நான் தின்னாத நாட்களில்தான் சோற்றைத் தவிர வேறு நினைப்பே இல்லை. முன்பெல்லாம் உண்டு கை கழுவினால் அதோடு மறந்துபோகும். இப்போது அவள் என்ன தின்றாள், எவ்வளவு தின்றாள், கடைசிக் கவளத்தை எந்தப் பக்கம் மென்றாள் என்பதுவரை எனக்கு அத்துப்படி. என் வட்டிலைவிட அவள் வட்டிலைத்தான் நான் உண்டுகொண்டிருந்தேன். அவளும் அவ்வப்போது என் வட்டிலைப் பார்ப்பாள். நான் குறைவாக உண்பதைக் கண்டுபிடித்து மாமியாரிடம் போட்டுக் கொடுக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து, வட்டிலை முந்தானையால் மறைத்துக்கொள்வேன்.

கார்த்திகையில் கடலைக்காய் பிடுங்கினோம். பிடுங்கிய செடிகளைக் குவித்துப் போட்டு, ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து காயை ஆய்வார்கள். ஆய்கிறவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்பது எங்கள் காட்டு வழக்கம். பச்சைக் கடலையின் பால் வாயோரம் வழிய எல்லோரும் மென்றுகொண்டே வம்பளந்தார்கள். நான் ஒரு காயைக்கூட உடைக்கவில்லை. "சின்ன மருமவளுக்குக் கடலை கசக்குதாட்ட இருக்குது" என்று ஒருத்தி கேலி செய்தாள். எதிரே என் ஓரகத்தி கை ஓயாமல் உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது. கோபத்தில் சுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். எழுந்து நடந்து, சோளத்தட்டு அடுக்கிய தட்டுப்போருக்குப் பின்னால் நிழலில் போய் உட்காரலாம் என்று போனால், எனக்குப் பின்னாலேயே அவளும் எழுந்து வருகிற சத்தம். நான் போரின் இந்தப் பக்கம் சரிந்து உட்கார்ந்தேன். அவள் அந்தப் பக்கம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தாள்.

எனக்கு என்ன தோன்றியிருக்கும்? எங்கள் இருவருக்கும் அப்போது பிள்ளை இல்லை. ரவிக்கையும் அவளுக்கு, தேர் நோம்பியும் அவளுக்கு, இப்போது பிள்ளையும் முதலில் அவளுக்கா என்று உள்ளுக்குள் குமுறிக்கொண்டு எழுந்து போனேன். வாயில் மட்டும் மரியாதை குறையவில்லை.

"ஏனுங்கக்கா, நல்ல சேதிங்களா?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நல்ல சேதியாமா! காத்தால தின்ன எள்ளுருண்ட அம்புட்டும் வெளிய வந்துருச்சு. அதுக்கு மேல இந்தக் கடலை வேற."

"ஒத்துக்கலீன்னா எதுக்குங்க அத்தனையும் திங்கறீங்க?"

"எதுக்கா? உன்னயாட்ட ஆகறதுக்குத்தான்."

எனக்குப் புரியவில்லை. அவள் தட்டுப்போரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நீ வரதுக்கு முந்தி உன்ற மாமியா சொன்னது உனக்குத் தெரியாது அம்மிணி. சின்னவனுக்காச்சும் நல்ல ஒடம்பாப் பாத்துக் கட்டோணும், மூத்தவளாட்ட ஒரு சோளத்தட்டக் கட்டிட்டு வந்துறக் கூடாதுன்னு ஊரெல்லாஞ் சொன்னாங்க. நீ வந்தன்னைக்கு உன்ற கையத் தூக்கித் தூக்கி வந்தவங்களுக்கெல்லாங் காட்டுனாங்க. நான் அடுப்படீல நின்னுட்டுப் பாத்துட்டே இருந்தேன். ரெண்டு உருண்டையிலயே வகுறு போதும் போதுங்குது. மூணாவதத் தண்ணிய ஊத்தி உள்ள தள்ளறேன். எந்நேரமும் உன்ற வட்டலத்தான் பாத்துட்டிருக்கறேன். இவ இத்துணூண்டு உண்டுபோட்டு எப்படி இப்படி இருக்கறாளோன்னு. அந்த ரவிக்கை ஒண்ணுதான் இந்த ஊட்டுல என்ற ஒடம்புக்குன்னு வந்துது."

"அக்கா, நான் இத்துணூண்டு திங்கறது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்து, எருமையும் கொள்ளுத் தண்ணீரும் கற்றாழை நாருமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அட கெரகமே! அந்தத் துணிக்காகவா பட்டினி கெடந்தே?" என்றாள். அப்புறம் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதிகம் தின்று அவளும், தின்னாமல் நானும் தட்டுப்போரில் சாய்ந்துகொண்டு சிரித்தோம். அந்தப் பக்கம் கடலை ஆய்கிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போது அவள்மேல் எனக்கு இரக்கம் பிறந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். பிறந்தது இரக்கமில்லை, சந்தோஷம். இவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள்! அந்த நீளக் கழுத்துக்காரி, தேர் நோம்பிக்குப் போய்வந்தவள், அடுப்படியில் நின்று என் கையைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள்! வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. அந்தச் சந்தோஷத்தில் அன்று ஒரு முழு உருண்டையும் பாதியும் உண்டேன். கீரைக்கு அவ்வளவு ருசி உண்டென்பதே மறந்துபோயிருந்தது.

ஆனால் பழக்கம் லேசில் போகுமா? மறுநாளே அவள் கண் என் வட்டிலுக்கும் என் கண் அவள் வட்டிலுக்கும் போய்விட்டது. நான் இரண்டாவது உருண்டையை எடுத்தால் அவளும் ஒன்றை எடுக்கிறாள். அவள் போதும் என்று வைத்தால் என் கையும் நின்றுபோகிறது. வயிற்றைக் கேட்டு உண்ண வேண்டியதை இருவரும் எதிரிலிருந்தவளின் வட்டிலைக் கேட்டு உண்டுகொண்டிருந்தோம். எனக்கு எரிச்சல் வந்தது. "இது சரிப்படாதுங்கக்கா. நீங்க அந்தப் பக்கந் திரும்பி உக்காருங்க, நான் இந்தப் பக்கந் திரும்பிக்கறேன்" என்றேன். அப்படித்தான் தொடங்கியது. அடுப்படி குறுகல். இருவரும் திரும்பி உட்கார்ந்தால் முதுகும் முதுகும் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இருக்கும்போது ரவிக்கை ஏது? அவளுடைய முதுகெலும்பு என் முதுகில் மணி மணியாக உறுத்தும். என் முதுகு அவளுக்குத் தலையணை போல் இருக்கிறது என்பாள். அவள் மென்று விழுங்குவது எனக்கு முதுகில் தெரியும். எவ்வளவு என்பது மட்டும் தெரியாது.

என் மாமியார் இதைப் பார்த்துவிட்டுக் கதிகலங்கிப்போனார். மருமகள்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உண்கிறார்கள் என்றால் அடுத்தது பாகப்பிரிவினைதானே.

"ஏஞ் சாமிகளா, ஆருக்கு ஆரு மேல கோவம்? சொல்லுங்க, நான் பேசித் தீத்து வெக்கறேன்."

"கோவமெல்லாம் இல்லீங்கத்தை. முதுகு வலி. ஒண்ணுக்கொண்ணு முட்டுக் குடுத்துக்கறோம்" என்றாள் என் ஓரகத்தி. மாமியார் நம்பவில்லை. சில நாள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகூடப் பார்த்தார். பிறகு அவருக்கே அலுத்துவிட்டது.

அதனால் பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. அவள் இரண்டு உருண்டையோடு எழ ஆரம்பித்தாள். சில நாள் ஒன்றோடும் எழுவாள். வாந்தி நின்றது, எள்ளுருண்டைச் சம்படம் பாதியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. உடம்பு மட்டும் அதே சோளத்தட்டுதான். நான் பசித்தால் உண்டேன், போதுமென்றால் நிறுத்தினேன். இளைக்க ஆரம்பித்திருந்த என் கை மார்கழிக்குள் பழைய அளவுக்கே வந்து சேர்ந்துவிட்டது. களையெடுக்கையில் பூச்சி பறப்பது போயிற்று. தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது என் தோள் தெரியாமல், மாடு தெரிய ஆரம்பித்தது. கற்றாழை நாரை அடுப்பில் போட்டேன். எரிவதற்குள் ஒரு முறை கையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன் என்பது வேறு விஷயம்.

கல்யாணம் நெருங்கியது. ரவிக்கையைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. வெறும் தோளோடுதான் போவது என்று மனசைத் தேற்றிக்கொண்டு, தேறாமல் திரிந்தேன். புறப்படுவதற்கு முன் ஒருநாள் மத்தியானம் அவள் குதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தால், ஒரு வேலமுள்ளால் பச்சை ரவிக்கையின் அக்குள் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் பிரித்து முடித்து, தன் பழைய சிவப்புச் சேலையின் முந்தானையைக் கிழித்து இரண்டு பட்டை எடுத்தாள். வீட்டில் இருந்தது கோணிப்பை தைக்கிற ஊசி ஒன்றுதான். அதைக்கொண்டு பட்டைகளை அக்குளில் வைத்து, மூட்டை தைக்கிற தையலாகப் போட்டு இழுத்தாள். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"வேண்டாமுங்கக்கா. இனி இது உங்களுக்குத் தொளதொளன்னு நிக்கும்."

"நிக்கட்டும். ஊட்டுக்கு ஒண்ணுன்னுதான அத்தை சொன்னாங்க? இத்தன நாளும் அது என்னோடது. இப்பத்தான் ஊட்டு ரவிக்கை" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வீட்டில் அவள் உடம்புக்கென்று வந்த ஒரே பொருள் அது என்று அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அவளுக்கும் மறந்திருக்காது. மாட்டிப் பார்த்தேன். கை நுழைந்தது. பித்தான்கள் பொருந்தின. மூச்சு விட முடிந்தது. நன்றி என்று சொல்லுகிற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. அவள் காலை விளையாட்டாக மிதித்துவிட்டு ஓடிவிட்டேன்.

அம்மா வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. இணைச்சீருக்கு என்னை அழைத்தார்கள். கூறைச் சேலைக் கூடையைத் தலையில் ஏற்றி, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தேன். கையைத் தூக்கியதும் பச்சை ரவிக்கையின் அக்குளில் இரண்டு சிவப்புப் பட்டை பளிச்சென்று எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறது. கோணித் தையலும் தெரிந்திருக்கும். எனக்கு அது நினைவே இல்லை. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் அவனைப் பார்த்து நடந்தேன். பந்தலோரம் நின்ற சேலத்து அம்மாள் ஒருவர், வெறும் தோளோடு நின்ற என் ஓரகத்தியிடம் மெல்லக் கேட்டிருக்கிறார்:

"ஏம்மா, உங்க பக்கம் ரவிக்கை இப்படி ரெண்டு நெறத்துலதான் தைக்கறதா?"

"ஆமாங்க. கையத் தூக்குனா மட்டுந் தெரியோணும்னு வெச்சுத் தெக்கறதுங்க. இணைச்சீருக்குன்னே தனியாத் தெப்போம்" என்றாளாம், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல். சாப்பாட்டுப் பந்தியில் அந்தக் கதை பரவி, சிரிப்பலை எழுந்து, சேலத்துப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவளோடு பேசுவதற்கு நீ நான் என்று போட்டி. சீர் எனக்கு நடந்தது, கூடை சுமந்தவள் நான், கடைசியில் ஊர் பேசியது அவளைப் பற்றி. விட்டுக்கொடுத்தும் ஜெயிக்கிறவளோடு எப்படிப் போட்டி போடுவது? அந்தப் பந்தியில் பருப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டு நாலு தின்றேன். பொறாமையில் தின்றேனா, ருசிக்குத் தின்றேனா என்றால், ருசிக்குத்தான். அவ்வளவு நன்றாகச் சுட்டிருந்தார்கள்.

அதன்பிறகு ஆளுக்கு ஒன்று, பெட்டிக்கு நாலு என்று ரவிக்கைகள் பெருகிவிட்டன. பிள்ளைகள் பிறந்தன, வீடு இரண்டானது, மாமியார் போனார், ஆண்கள் இருவரும் போனார்கள். என்ன விசேஷத்துக்கு ஒன்றுசேர்ந்தாலும் உண்ணும்போது மட்டும் நாங்கள் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டித்தான் உட்காருவோம். மருமகள்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அவள் கழுத்து, அவள் பேச்சு, அவள் மகன் வாங்கிய பம்புசெட்டு, எல்லாவற்றின் மேலும் எனக்குப் பொறாமை இருந்தது. வட்டிலுக்குள் மட்டும் அது திரும்ப வரவில்லை.

போன தையில் அவள் போய்விட்டாள். அதிலும் முந்திக்கொண்டாள். காரியம் முடிந்து, அவள் மருமகள் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, இதில் ஏதாவது உங்களுக்கு வேண்டுமா பாருங்கள் என்று வைத்துவிட்டுப் போனாள். அடியில் பச்சை ரவிக்கை இருந்தது. சாயம் போய், பச்சை வெளுத்துப் பாசி நிறமாகிவிட்டது. சிவப்புப் பட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன, கோணித் தையல் ஒன்றுகூட விடவில்லை. நான் இப்போது வற்றிப்போய்விட்டேன். வயது ஆனால் எல்லா உடம்பும் வற்றத்தான் செய்யும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரவிக்கைக்குள் கையை விட்டேன். கிணற்றில் வாளி இறங்குவது போல் இறங்கியது. பட்டைகளைப் பிரித்துவிட்டாலும்கூட இறங்கும். இதற்காகத்தானே அன்றைக்கு எருமைக்குக் களி போட்டேன். "எப்படி இருக்குதுங்கக்கா?" என்று கேட்க வாயெடுத்து, யாருமில்லாததால் கழற்றி மடித்து வைத்தேன்.

மருமகள் சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். வழக்கப்படி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பசித்தது. போதும் என்று தோன்றும்வரை உண்டேன்.